கொல்லைப்புறத் தண்டவாளத்தின் வழக்கு

போன வாரம் காலை நடைக்குப் போனபோது பாதையோர மர பெஞ்சு ஒன்றுக்கு யாரோ கறுப்பாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய கட்டையை அறுத்துச் செய்த பெஞ்சு. வெயில் பட்டதும் அதிலிருந்து தார் வாசனை கிளம்பியது. நான் நடுப்பாதையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஓடிவந்த இளைஞர் என் மேல் மோதப் பார்த்து, "ஸாரி ஆன்ட்டி" என்று விலகிப் போனார். ஏன் நின்றேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

அந்த பெஞ்சு போட்டிருக்கும் இடம் எங்கள் வீட்டுக் கொல்லை. இல்லை என்று ஒரு நீதிபதி சொல்லிவிட்டார். இருந்தாலும் என் காலுக்கு அது கொல்லைதான்.

மாம்பலம் பக்கத்தில் பெரிய லைனைவிட்டுப் பிரிந்து, தி.நகரின் தெற்கு ஓரமாக வளைந்து, அடையாற்றங்கரையில் இருந்த ஒரு மாவு மில் வரைக்கும் போன சரக்குத் தண்டவாளம் அது. நான் பிறப்பதற்கு முன்பே மில்லை மூடிவிட்டார்கள். அதில் ரயில் போய் நான் பார்த்ததில்லை. கோடையில் கட்டைகளிலிருந்து தார் மட்டும் கசியும். பாவாடையில் அப்பிக்கொண்டு வருவேன். அம்மா திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாடை அடுப்படியிலிருந்து வந்ததைவிட அப்பாவின் சட்டையிலிருந்து வந்ததுதான் அதிகம். அச்சகத்தில் ஈய எழுத்துகளை அதில்தான் கழுவுவார்கள்.

அப்பா ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவர். அந்த வேலைக்கு வந்ததால் சந்தேகப் புத்தி வந்ததா, சந்தேகப் புத்தி இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்களை உட்காரவைத்துக்கொண்டே தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தில் சரிபார்ப்பார். ராத்திரி வேலை என்பதால் பகலெல்லாம் வீட்டில்தான். தூங்கி எழுந்ததும் காபியோடு கொல்லை ஜன்னலில் உட்கார்ந்துவிடுவார். வெளியே தண்டவாளம். அதில் போகிற வருகிற ஜனங்கள்.

ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. மாம்பலம் ஸ்டேஷனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மார்க்கெட்டுக்கு எல்லாம் அதில் நடந்துதான் போவார்கள். அவர்கள் ஒவ்வொருவர் மேலும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. எல்லாரையும்விட அதிகமாக ஒரு பெண்மணி மேல். பெயர் கன்னியம்மா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. காலையில் கறுப்புத் தலையோடு போனவள் சாயங்காலம் நரைத்த தலையோடு திரும்பினாள். மறுநாள் நரையைக் காணோம். ஒரு தடவை நிறைமாத வயிற்றோடு வந்தாள். அடுத்த வாரம் வயிறும் இல்லை, கையில் குழந்தையும் இல்லை.

"கோடம்பாக்கத்துல கூட்டத்தோட நிக்கற வேஷம் போடறாளா இருக்கும்" என்றாள் அம்மா. அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அப்பாவுக்கு இவ்வளவு சுலபமான விளக்கங்கள் ஒத்துக்கொள்ளாது.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் சிலர் டேப்போடு வந்து, தண்டவாளத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். "ரயிலே வராத எடத்தை எதுக்கு அளக்கறா?" என்றார் அப்பா. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பொதுஜனங்களுக்கு மரம் வைத்து நடைபாதை போடப் போகிறார்களாம்.

தெரு கொதித்தது. அதற்குள் எல்லா வீட்டுக் கொல்லையும் தண்டவாளம் வரை நீண்டிருந்தது. எங்களுக்கு ஒரு நார்த்தை மரமும் துணிக்கொடியும். பக்கத்து வீட்டு வரதன் மாமாவுக்குக் கார் ஷெட்டே தண்டவாளத்து ஓர நிலத்தில்தான். அந்த நிலத்தை மில்லுக்குக் கொடுத்ததே அவருடைய தாத்தா.

"தாத்தா குடுத்தது ரயில் போறதுக்கு. ரயில் நின்னா நிலம் நமக்குத்தான் திரும்பணும். ஊர்ல இருக்கறவாள்லாம் வாக்கிங் போறதுக்கா குடுத்தார்?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. தாத்தா பாகம் பிரித்து விற்ற மனைகளில் கட்டிய வீடுகள்தான் எல்லாம் என்பதால், தெருவே சேர்ந்து வழக்குப் போட்டது. அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் யாரையும் நம்பவில்லை. கொல்லைகளைப் பற்றி அரசாங்கத்துக்குச் சொன்னது யார் என்று தேடினார்கள். எந்நேரமும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற அப்பா மேல் வரதன் மாமாவுக்குச் சந்தேகம். வரதன் மாமா வீட்டுக் கொல்லையில் பளபள ஷூ போட்ட ஒருவர் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது முதல் அவர் மேல் அப்பாவுக்குச் சந்தேகம். "தரையைப் பார்த்தா தோட்டக்காரன்னு விட்டுடலாம். ஆகாசத்தைப் பார்க்கறான்னா அடுக்குமாடி கட்டறவன்" என்றார்.

கன்னியம்மாவோ எங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம் நின்று கேட்டாள். "நடக்கறதுக்குப் பாதை போடறாங்களாமே? அப்ப நாங்க இத்தினி நாளா இன்னா பறந்துகினா போனோம்? எங்கள இங்கேர்ந்து தூக்கறதுக்கு நீங்கல்லாம் சேந்து பண்றதுதாம்மா இது."

அம்மா அடுத்த புடவையை எடுத்து உதறினாள்.

வழக்கில் எங்கள் தரப்புக்கு நல்ல சாட்சி வேண்டும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர், நரைத்த தலை, நெற்றியில் விபூதி. அப்பாவைவிட்டால் யார்? "கொல்லைப் பக்கம் வெளியாள் யாரும் நடமாடினதில்லைன்னு மட்டும் சொல்லுங்கோ சார், போதும்" என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தார். நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். அப்பா சலவை வேட்டியில் கூண்டேறி, கொல்லையைப் பற்றியும் நார்த்தை மரத்தைப் பற்றியும் அழகாகச் சொன்னார். வரதன் மாமா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். சின்ன வயசுப் பெண். "அந்தத் தண்டவாளத்தில் வெளியாட்கள் யாருமே நடந்ததில்லை, அப்படித்தானே?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நடந்தா" என்றார். "தினமும் நடந்தா."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. காலையில் தூக்குச்சட்டியோடு போகிற கொத்தனார், ஒரு காலைச் சாய்த்து நடக்கிற பூக்காரி, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிற மீன்கூடைக்காரர், ஒரு நாள் நரைத்தும் மறுநாள் நரைக்காமலும் போகிற பெண்மணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் வக்கீல் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார். இத்தனை பேரை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று நீதிபதியே கேட்டார்.

"அவா மேலெல்லாம் எனக்குச் சந்தேகம். அதனால பார்த்துண்டே இருந்தேன்."

கோர்ட்டே சிரித்தது, வரதன் மாமாவைத் தவிர.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏம்ப்பா இப்படிப் பண்ணினேள்? நம்ம கொல்லையும்தானே போகும்?"

"தப்புன்னு தெரிஞ்சுண்டே அதை எப்படிடி விட்டுட்டு வரது?" என்றார். உண்மைக்காகச் சொன்னாரா, ஷூக்காரரை மனதில் வைத்துக்கொண்டு வரதன் மாமாவைத் தோற்கடிக்கச் சொன்னாரா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவர் பெண்தானே நான்.

வழக்கு தோற்றது. ஜனங்கள் காலங்காலமாக நடந்த வழி, அது பொதுவழிதான் என்று தீர்ப்பு. நார்த்தை மரத்தை வெட்டிய அன்று அப்பா ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து மதில் வழியாக வந்துகொண்டிருந்த உறைமோர் நின்றது. எதிர்ப்பட்டால் வரதன் மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

பாதை முழுதாகத் தயாராவதற்குள் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று குடிசைகளை எடுத்தார்கள். நகரத்துக்கு வெளியே எங்கேயோ மாடி வீடுகள். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுக் கன்னியம்மா எங்கள் கொல்லைப் பக்கம் வந்தாள்.

"அய்ரே, எங்களுக்கோசரம் சாட்சி சொன்னியாமே. சொல்ட்டுப் போலாம்னு வந்தேன்."

இவ்வளவு வருஷமாகப் பார்த்தவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் கேட்டார். "அன்னிக்கு வயத்தோட வந்தியே, அந்தக் கொழந்தை என்னாச்சு?"

கன்னியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது தலைகாணி அய்ரே! மக்காநாளும் அதே கட்டு வோணும்னாங்க. அவுத்தா திரும்பக் கட்ட வராது, அப்டியே வந்துட்டேன்."

அப்பாவும் சிரித்தார். ஆனால் அவள் போன பிறகு வெகுநேரம் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வரதன் மாமா வீடு இப்போது அடுக்குமாடி. நடைபாதையைப் பார்த்த பால்கனி என்றுதான் விளம்பரமே செய்தார்கள். அப்பா அந்த விளம்பரத்தைப் படித்து, "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ" என்றார். அதில் ஓர் ஒற்றுப்பிழையையும் கண்டுபிடித்தார். அந்தப் பாதையில் அவர் ஒரு நாள்கூட நடக்கவில்லை. அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

கன்னியம்மாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். வேஷம் போடாமலே நரைத்திருந்தாள். புது வீட்டிலிருந்து கோடம்பாக்கம் வந்து சேருவதற்குள் நன்றாக விடிந்து நேரமாகிவிடுகிறது, ஷூட்டிங்குக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பாதை எப்டி கீதும்மா?"

"நன்னாருக்கு. ரெண்டு பக்கமும் மரம் வெச்சிருக்கா."

"யாரு நடக்கறாங்க?"

"நிறைய பேர். நான்கூடப் போறேன்."

"எங்க போறீங்க?"

"எங்கேயும் இல்ல. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவோம்."

கன்னியம்மா என்னை உற்றுப் பார்த்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.