வீட்டுக்கு ஒரு கட்டை

பால்மரக் கட்டை காய்ந்துவிட்டதா என்று தெரிய, இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். காய்ந்தது கணீரென்று கேட்கும். பச்சைக்குச் சத்தம் வராது. அடியில் இரண்டு இரும்புக் குழாய் போட வேண்டும், கறையான் ஏறாது. இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்கும் வைத்து, நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேல் வரிசையில் பட்டை மேலே இருக்க வேண்டும், மழை வழிந்துவிடும்.

இதெல்லாம் நான் பழகியது அடுத்தவர்கள் விறகில்.

என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் ஜாகா. காவல் வேலை. அறுத்துப் போட்ட மரத்தை எடுக்கக் கூடாது என்று மட்டும்தான் துரை சொல்லியிருந்தார். அதை லோரிக்காரன் வந்து ஏற்றிப் போவான். காற்றில் விழுந்த கொப்பை யாரும் எடுக்கலாம். இவர் கொப்பையும் விடமாட்டார். பால்வெட்டு முடிந்து பெண்கள் தலைச்சுமையோடு வந்தால் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்துவார். கட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் அடுக்குவேன். அவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் தண்ணீருக்குப் போவார்கள். அவரவர் கட்டை அவரவருக்குத் தெரியும்.

நாலாம் வீட்டுக்காரி அப்போது ஏழு மாசம். கட்டைக் கீழே போடு என்று அவளிடம் இவர் சொல்லவில்லை. அவளையே சுமக்க வைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

"உள்ள கொண்டு போயி அடுக்கிட்டுப் போ. சும்மா போட்டுட்டுப் போகாத."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன்.

"அப்படி இல்ல. ஓரத்துக்குக் குறுக்க வை."

குறுக்கே வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, முழுக்கட்டையும் வைத்துவிட்டுப் போனாள். அந்த விறகு இரண்டு வாரம் எரிந்தது.

எங்கள் லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால், எரிக்க வீட்டுக்கு ஒரு கட்டை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சண்டைக்காரன் வீடு என்றாலும் கொடுப்பார்கள். ஆற்றோரச் சுடுகாட்டில் அப்படித்தான் எங்கள் மாமனாரும் எரிந்தார். அப்போது ஐம்பது வீடு. கட்டை மிஞ்சியது.

அப்புறம் தோட்டம் கைமாறியது. பால்மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. ஜாகா வேலையும் போனது. ஆட்கள் கோப்பெங், சிலிபின் என்று போய்விட்டார்கள். லயத்தில் ஒன்பது வீடு மிஞ்சியது, எங்களோடு பத்து. இவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. ஈப்போ ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருப்பார்.

கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் அவர் புண்ணுக்கு, குளிக்க, துணிக்கு என்று நாள் பூராவும் வெந்நீர் வேண்டும். பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளத்தில் செம்பனை போடாத ஒரு துண்டில் கிழட்டுப் பால்மரங்கள் இருந்தன. விழுந்து கிடந்ததை வெட்டினேன். அம்பது வயசுக்கு மேல் முதல் தடவையாக என் விறகை நான் பொறுக்கினேன்.

தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது நாலாம் வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஜாகாகிட்ட கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நான் நிற்கவில்லை. கழுத்து வலித்தது. வீட்டுக்கு வந்து குழாய் போட்டு அடுக்கினேன். சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருந்தது. அடுத்த நாளும் போனேன். தேவைக்கு மேலேயே பொறுக்கினேன். ஒரு வருஷத்தில் அடுக்கு ஜன்னல் உயரம் வந்தது. இரண்டாவது வருஷம் இரண்டாவது வரிசை போட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"யாருக்கு இவ்ளோ?"

"அடுப்புக்கு."

"அடுப்புக்கு இவ்ளோவா?"

"ஒங்களுக்கும்தான்."

அவர் அடுக்கைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார்.

"என்னைய ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. கரண்டுல வைக்கக் கூடாது. அப்பா எரிஞ்ச எடத்துல எரிக்கணும்."

"சரி."

"ஒன்பது வீடு இருக்குல்ல. ஒன்பது கட்ட வருமா?"

"வராது லா."

அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. வழியில் போகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். "வெறகு வேணும்னா பள்ளத்துல எடுத்துக்கம்மா," என்றார் நாலாம் வீட்டுக்காரியிடம்.

"எந்தத் தோட்டத்து வெறகண்ணே குடுக்கறீங்க?" என்றாள். "சைக்கிள் எங்க?"

கடைசி மழைக்கு முந்தி ஒருநாள் என் கையைப் பிடித்தார். அவர் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை.

"வீட்டுக்கு ரெண்டு கட்ட குடுத்துரு. இதுலேர்ந்து. மனசு மாறுவாங்க. ஒரு கட்டயாச்சும் திருப்பிக் கொண்டு வருவாங்க."

பதினெட்டுக் கட்டை. என் அடுக்கில் அது ஒரு மூலை கூட இல்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார்கள், சிலபேராவது.

"இது நான் பொறுக்கினது," என்றேன். "நீங்க எடுத்துட்டு வந்தது இல்ல."

கையை விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுக்குப் பக்கம் முதுகு காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். பீடோரிலிருந்து அவர் தம்பி வந்தார். ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். எல்லார் கையும் வெறுங்கை. மணி பன்னிரண்டு ஆனது. தம்பி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

"ஈப்போவுக்கே கொண்டு போலாம் அண்ணி. இங்க ஒண்ணும் நடக்காது போல."

"என் அடுக்கப் பிரிச்சு வண்டியில ஏத்து," என்றேன்.

ஏற்றினார்கள். இரண்டு வரிசையும் காலியானது. நான் வண்டியில் ஏறப் போனேன்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது அண்ணி."

"கட்டை என்னோடது. ஒங்கள்ல யாருக்கு அடுக்கத் தெரியும்?"

வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆற்றோரத்தில் நான்தான் அடுக்கினேன். அடியில் கனம், மேலே சன்னம், காற்றுப் போக இடைவெளி. அவரை மேலே கிடத்தினார்கள். மூடுகிற கட்டை வைத்துக்கொண்டிருந்தபோது நாலாம் வீட்டுக்காரி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் ஒரு கட்டை. வழக்கத்தை அவள் ஒருத்திதான் காப்பாற்றினாள் என்று தம்பி கும்பிட்டார்.

கையில் வாங்கியதும் தெரிந்தது. அன்று காலை வெட்டிய பால்மரம். வெட்டிய இடத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது.

"எங்க வைக்கணும்க்கா?" என்றாள். "ஓரத்துக்குக் குறுக்கவா?"

"குறுக்க வை."

கால்மாட்டில், ஒற்றைக் காலுக்குப் பக்கத்தில் குறுக்கே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

என் விறகு நன்றாக எரிந்தது. புகையே இல்லை. அவள் கட்டை மட்டும் நுரை தள்ளிச் சீறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாம்பல் எடுக்கப் போனோம். எல்லாம் சாம்பல். அந்தக் கட்டை ஒரு பக்கம் கருகி, முழுசாகக் கிடந்தது.

"ஆத்துல எறிஞ்சிருங்க அண்ணி. சுடுகாட்டுப் பொருள வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது."

ஆற்றில் கழுவினேன். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரும்புக் குழாய் இரண்டும் போட்டது போட்டபடி இருந்தது. அதன்மேல் முதல் கட்டையாக வைத்தேன்.

இப்போது புது அடுக்கு இடுப்பு உயரம் வந்திருக்கிறது. அந்தக் கட்டை மேலேயே இருக்கிற மாதிரி மாற்றி மாற்றி வைக்கிறேன். நாலாம் வீட்டுக்காரிக்கும் இனிப்பு நீர். கால் வீங்கியிருக்கிறது. போன வாரம் அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் சத்தம் வரவில்லை. காய வேண்டாம். வெயில் அடித்தால் சாக்குப் போட்டு மூடுகிறேன், காலையில் தண்ணீர் தெளிக்கிறேன். வழக்கப்படி அவள் வீட்டுக்கு என் வீட்டிலிருந்து போகிற கட்டை அதுதான்.