பாதிச் சம்பளத்துக்கு அணைத்த சூடம்

என் வீட்டுக்காரர் சட்டசபைக்கு ஜெயித்த புதிதில் எனக்கு இருந்த ஒரே கவலை அவருடைய வாய்தான். மேடையில் என்ன பேசினோம் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அவருக்கே தெரியும். அறுபதுகளின் பிற்பாதியில், அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அரசாங்கம் கடனில் முங்கிக் கிடக்கிறதே, மந்திரிகளும் மெம்பர்களும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையோடு முடிய வேண்டிய பேச்சு. இவர் அதைச் சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

நாங்கள் குடியிருந்தது திண்டுக்கல் டவுனில். அவருடைய ஊர் வடமதுரையைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவில். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். "கவர்மெண்டுக் கடன் அடையிற வரைக்கும் என் சம்பளத்துல பாதியைத் தொட மாட்டேன்" என்று இவர் முழங்கினார். கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். அதற்குள் வெள்ளரிக்காய் விற்கிற பொம்பளை ஒருத்தி முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"மேடையில சொன்னா காத்தோட போயிரும் அப்பு. கருப்பு வாசல்ல வந்து சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. இவரோ ரோஷக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருப்பசாமி கோயிலுக்கு நடந்தார், ஊரே பின்னால் போனது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். பூசாரி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமியின் அரிவாளில் கட்டினார். கடன் அடைகிற அன்றைக்குத்தான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதற்குள் அந்தப் பாதியில் கை வைத்தால் ரத்தம் கக்கிச் சாவு. அந்த ஊரில் சூடம் அணைப்பதெல்லாம் ஆட்டுத் திருட்டுக்கும் வரப்புத் தகராறுக்கும்தான், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிற வழக்குகள். அரசாங்கக் கடனுக்காக அதுவரை எவரும் அணைத்ததில்லை.

பாதிச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட இவர் மாதாமாதம் கஜானாவுக்குப் போவார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் அங்கிருந்த குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் சலித்துக்கொள்வாராம். நானும் வீட்டில் சலித்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சப் பாதியில், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கட்டுப்படியாகுமா?

வருகிறவர்கள் என்றால் அந்த ஊர்க்காரர்கள். முன்பெல்லாம் சிபாரிசு கேட்டு வருவார்கள். சூடம் அணைத்த பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு மூன்று பேராக வந்து சுவரோரம் உட்காருவார்கள். என்ன விஷயம் என்று இவர் கேட்டால், "சும்மா, ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்பார்கள். பிறகு பார்க்க ஆரம்பிப்பார்கள். இவருடைய கண்ணைப் பார்ப்பார்கள், நகத்தைப் பார்ப்பார்கள், இருமிவிட்டு வாயைத் துடைத்தால் துண்டைப் பார்ப்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, திருப்தியானதுபோல எழுந்துவிடுவார்கள். அவர்கள் போனதும் அந்தத் துண்டை நானும் விரித்துப் பார்ப்பேன்.

ஒரு தடவை என் அண்ணன் எங்களுக்கு ஒரு ரேடியோ கொடுத்தார். மறுநாளே வந்துவிட்டார்கள். சேதி எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதில் ஒருவர் ரேடியோவைத் தொடாமல் அதன் முன்னால் குனிந்து, "இது எதுல வாங்குனது தாயி?" என்று கேட்டார். எங்க அண்ணன் குடுத்தது என்றேன். தலையாட்டினார். ரேடியோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, எவர் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை, எல்லோரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு புதுச் சேலை எடுக்கக்கூட எனக்குப் பயம்.

அவர்கள் போனதும் இவரிடம் கத்தினேன். "அந்தக் கடன் என்னைக்கு அடையும்? அதையாவது விசாரிச்சுட்டு அணைச்சீங்களா?" மேடையில் வாய் ஓயாத மனுஷர், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அடுத்த ஐப்பசி மழையில் இவர் படுத்துவிட்டார். காய்ச்சலும் இருமலும். ஒரு நாள் காலையில் துண்டில் சிவப்பாகத் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஊசியில் சரியாகிவிடும் என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. கட்டிலருகே குனிந்து, "தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீயும் கேக்குறியா?" என்றார். அதற்குமேல் பேச இருமல் விடவில்லை.

பக்கத்து வீட்டுத் தோல் மண்டி பாயின் சம்சாரம்தான் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். "எங்கள்லயும் நேர்ச்சை உண்டு தங்கச்சி. ஆனா கவர்மெண்டுக்காக நேர்ந்துக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். அந்த மாதம் முழுவதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு நாள், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த உச்சிப்பொழுதில் அவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாகத் தெரு முழுக்க நின்றார்கள். பேச்சே இல்லை. தெருவில் வந்த குதிரை வண்டிக்காரன், சாவு விழுந்த வீடு என்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணி முடிச்சு. வெள்ளரிக்காய்க்காரி மட்டும் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள்.

"எம்புட்டுன்னு சொல்லுங்க அப்பு. கட்டிப்புடுறோம்."

"எதை?"

"கவர்மெண்டுக் கடனைத்தான். நீங்க தொட்டீங்களா இல்லையான்னு நாங்க கேக்கல. கடன் அடைஞ்சிட்டா கோயில் முடிச்சை அவுத்துறலாம். நீங்க பொழைச்சுக்குவீங்க."

இதற்கு அழுவதா சிரிப்பதா? இவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, வாங்கிக்கொள்ளுங்கள், அடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரே ஒரு பொய். அதற்குப் பிறகு அந்தக் கண்கள் இந்த வீட்டுக்கு வராது. என் புருஷன் எனக்குக் கிடைத்துவிடுவார்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "அது அடையாது ஆத்தா. உங்க காட்டையெல்லாம் வித்தாலும் அடையாது, பேரன் பேத்தி காலத்துலயும் அடையாது. சூடம் அணைக்கும்போதே எனக்குத் தெரியும். முடிச்சுகளை வீட்டுக்குக் கொண்டு போங்க." கைதட்டலை எதிர்பார்க்காமல் இவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. இவர் நெற்றியை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். முடிச்சை மடியில் செருகிக்கொண்டு வெளியே போய் ஏதோ சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசி ஆள் படியிறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருவர்கூட 'போயிட்டு வாரோம்' என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

ஊசி வேலை செய்தது. தை பிறப்பதற்குள் இவர் எழுந்து நடமாடினார். ஊர்க்காரர்கள் பிறகும் வந்தார்கள், பூசணிக்காயும் அவரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிரியமாகத்தான் பேசினார்கள். ஆனால் கிளம்பும்போது பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் வாசல் வரை போய், அந்த ஒரு வார்த்தைக்காக நின்று பார்ப்பார்.

ஒரு நாள் அப்படி நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் உலையைப் பார்க்க எழுந்தேன்.

"நீயாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

"அடுப்படிக்குத்தான போறேன்?"

"இருந்தாலும் சொல்லு."

"வாரேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுவதும், ஒரு செம்புத் தண்ணீர் எடுக்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.