ஓபராவில் நான் விட்ட குறட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகளோடு ஒரு மாதம் தங்கிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். மரக்காணம் உப்பளத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு அங்கே எல்லாமே வேடிக்கைதான்.

மகள் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஓபராவில் பாடுகிறவர். ஓபரா என்றால், பேச்சே இல்லாமல் பாட்டாகவே நடக்கும் நாடகம். பல வருடம் கும்பலில் ஒருவராக நின்று பாடியவருக்கு அப்போதுதான் தனியாகப் பாட நாலு வரி கிடைத்திருந்தது. அவருக்கென்று பார்க்க வரச் சொந்தபந்தம் யாருமில்லை. எனக்கு டிக்கெட் கொடுத்து வரச் சொன்னார்.

மகளுக்கு அன்று நைட் டியூட்டி. வாசலில் கொண்டுவந்து விட்டவள், "ம்மா, அந்த நாலு வரிய மட்டும் மிஸ் பண்ணிடாத. உன்னத்தான் நம்பியிருக்காங்க. தூங்கிடப் போற!" என்றாள்.

"போடி, நான் இன்னா கொழந்தையா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மைக்கே இல்லை. மூன்றாவது மாடி வரைக்கும் குரல் எப்படி ஏறுகிறது? வாத்தியக்காரர்களை ஏன் மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்? மேடையில் ஒருத்தி அப்படி அழுகிறாள், ஒருவர்கூட உச்சுக் கொட்டவில்லையே? வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே பாத்தியில் இறங்கி உப்பு வாரிப் பழகிய உடம்பு இது. போதாததற்கு, நம் ஊர்க் கணக்கில் அப்போது நடுராத்திரி. தொடையைக் கிள்ளிப் பார்த்தும் கண் சொருகியது.

எங்கள் பக்கம் தெருக்கூத்துக்குப் பாயோடு போவோம். தூக்கம் வந்தால், "திரௌபதி வந்தா எழுப்புங்க" என்று பக்கத்துப் பாயில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வோம். யாராக இருந்தாலும் எழுப்பி விடுவார்கள். அதே நினைப்பில், இடைவேளையில் பக்கத்து சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் செல்போனில் வீட்டுக்காரம்மா படத்தைக் காட்டினேன். மேடையைக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடி, என் தோளை நானே தட்டிக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ தோளை உலுக்க, விழித்தேன். வீட்டுக்காரம்மா கும்பலிலிருந்து ஓரடி முன்னால் வந்து பாட ஆரம்பித்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் உடம்பு சிலிர்த்து, அழுதே விட்டேன்.

நாடகம் முடிந்து, என்னை அழைத்துப்போக வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் அவரிடம் ஏதோ நீளமாகச் சொல்ல, வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூங்கியதைப் போட்டுக் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். வழியெல்லாம் தலை நிமிரவில்லை.

காலையில் மகள் வந்து, வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அங்க தூங்குறதே பெரிய மரியாதக் கொறச்சலும்மா. நீ வுட்ட கொறட்டைக்கு, உன்ன வெளிய அனுப்பச் சொல்லலாம்னுதான் அந்தப் பக்கத்து சீட்டம்மா நெனச்சாங்களாம். நீ காட்டின போட்டோ ஞாபகம் வந்து வுட்டுட்டாங்க. எத்தினியோ வருஷமா வர்றாங்களாம், பின்னாடி கும்பல்ல நிக்கிறவங்க மூஞ்சியப் பாத்ததே இல்லியாம். நேத்துதான், உன்ன எழுப்பணுமேன்னு ஒவ்வொரு மூஞ்சியா தேடிப் பாத்தாங்களாம். அதக் கேட்டுத்தான் இவங்க அழுதுட்டாங்க."

வீட்டுக்காரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், நான் ஒழுங்காக விழித்திருந்தால் அன்று அவருக்காகக் காத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன் என்பதால், அந்தக் குறட்டைக்காக முழு மனதோடு வருத்தப்பட என்னால் முடியவில்லை.