முறைவைத்து வந்த பிள்ளைகள்

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் அரசுப் பள்ளி ஆசிரியை. நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் விவரத்தை ஏற்றியாக வேண்டுமாம், சிக்னல் இல்லையாம். பாடம் நடத்தவே நேரம் கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டாள். அதற்குள் கீழே என் அடுப்பில் எறாக்கருவாடு தீயும் வாசனை வந்துவிட்டது. இல்லாவிட்டால் என் பழைய கதையை அவள் தலையில் கட்டியிருப்பேன். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அந்தப் பக்கத்தில் எறா என்று சொல்லும் இறாலின் கருவாடு என்றாலே எனக்கு அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடம்தான். அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எதுவும் வராத காலம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்கெழுதும் வேலை. எனக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் இரண்டாவது டீச்சர் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் சுண்ணாம்புக்குளம் வரை பஸ், அப்புறம் மணலில் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் டீச்சர் என்று ஊரே என்னைக் கேலி செய்யும். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்ஸ்பெக்டர் உலை வைக்கப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் இரண்டாவது டீச்சர் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மதுராந்தகம் பக்கம் தூக்கியடிப்பார்கள் என்றார் ஹெட்மாஸ்டர். ஜில்லாவின் அந்தக் கோடி. வீட்டுக்காரர் இங்கே, நான் அங்கே. பிள்ளைகளைக் கொண்டுவருவது டீச்சர் பொறுப்பாம். எறா சீசனில் அப்பன்காரன் படகில் ஏற்றிக்கொண்டு போகிற பிள்ளையை நான் நீந்திப் போயா பிடிப்பேன்?

ஊர்த் தலைவர் ஏகாம்பரத்திடம் போய் நின்றேன். பேச ஆரம்பித்ததுமே அழுகை வந்துவிட்டது, வெட்கக்கேடு.

"அழாத டீச்சர். ஊர்ல பேசி ஒரு ஏற்பாடு பண்றோம்," என்றார்.

திங்கட்கிழமை வகுப்பு நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் நிறைந்திருந்தது. தலைகளைப் பார்த்துப் பூரித்துப்போனேனே தவிர, முகங்களைக் கவனிக்கவில்லை. புதன்கிழமைதான் உறைத்தது. நேற்று உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவரும் இல்லை. ஒரு சின்னப்பெண்ணைக் கேட்டேன். "இன்னிக்கு எங்க தெருப் பாடு டீச்சர்," என்றாள்.

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். சண்டை சச்சரவில்லாமல் எல்லாருக்கும் மீன் கிடைக்கும். அதையே எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுவிட்டார்கள், புண்ணியவான்கள்! ஒரு நாள் ஒரு தெரு.

தலைவரைப் பார்த்து விளக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்து இறங்கிவிட்டார். நிறைந்த வகுப்பைப் பார்த்து அவருக்கே முகம் மலர்ந்தது. அட்டெண்டன்ஸை எடுத்துக் கோவிந்தன் என்று கூப்பிட்டார். இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி எழுந்து, உள்ளேன் ஐயா என்றாள்.

"நீதான் கோவிந்தனா?"

"இல்ல சார். அவன் எறாக்குப் போயிக்கிறான். அவனுக்குப் பதிலா நான் வந்துக்கிறேன்."

எனக்கு மதுராந்தகம் கண்ணில் தெரிந்தது.

தலைவரை வரச்சொன்னார். ஏகாம்பரம் பரிசு வாங்க வருகிறவர் மாதிரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து, டீச்சர் வேலை போகக்கூடாதென்று ஊரே முறை வைத்துப் பிள்ளைகளை அனுப்புவதைப் பெருமையாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பாடு என்றால் என்ன, யார் முடிவு செய்வது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முறை வராத புள்ளைக்கு அன்னிக்குப் பாடம் யார் சொல்லித் தர்றது?"

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "அது தோணலையே சார்," என்றார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. பள்ளிக்கூடத்துக்குப் பாடு கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் போக வேண்டும், பள்ளி நேரத்தில் பிள்ளையைப் படகில் ஏற்றினால் அப்பனுக்கு ஏரியில் ஒரு பாடு போய்விடும் என்று தீர்மானம். சோறு போடுகிற பாட்டை யார் விடுவார்கள்? மறுநாள் உட்கார இடமில்லாமல் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, இரண்டாவது டீச்சர் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார். என் பெரியவன் பிறந்தபோது குப்பத்திலிருந்து வந்த மீனை வைக்க வீட்டில் சட்டி போதவில்லை. நல்ல வருஷங்கள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். ஏகாம்பரம் காலமாகிவிட்டார். அவர் மகன் மணி, என்னிடம் படித்தவன், இப்போது அவனே தாத்தா. பள்ளியில் ஒரே ஒரு டீச்சர்தான். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இரண்டாவது டீச்சர் வேலையை எடுத்துவிட்டார்களாம்.

"ஒரு வார்த்த எங்களக் கேட்டிருந்தா உட்டிருப்போமா டீச்சர்?" என்று நிஜமாகவே கோபப்பட்டான் மணி.

பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டியில், இங்கிலீஷ் மீடியமாம்.

"வேன் ஊட்டாண்டயே வந்துடுது டீச்சர்," என்றான், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.