ரேகா வடியவிட்ட தண்ணீர்

என் மாமா வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்துவிட்ட பிறகும் அந்தக் கடைக்கு ஆள் வரத்து குறையவில்லை. நிலத்துக்குச் சிட்டா, அடங்கல் நகல் எடுக்க, பரீட்சை முடிவு பார்க்க, வேலைக்கு மனுப் போட என்று யாராவது வந்து நின்றுகொண்டே இருப்பார்கள்.

சனிக்கிழமைகளில் எனக்குக் காலையில் டியூஷன். அது முடிந்ததும் மாமா கடைக்கு வந்துவிட வேண்டும். அம்மா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை நான் மாமாவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மாமா சுலபமாக முடித்துக்கொண்டார். கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து அழிந்துபோனதால் வாடிக்கையாளர் யாரும் அதன்முன் உட்காரமாட்டார்கள். என்னை அங்கே உட்காரவைத்து, "சத்தம் போடாம வெளையாடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் விளையாடியது ஊர் கட்டும் விளையாட்டு. கட்டி கட்டியாக அடுக்கி வீடு, தெரு, பாலம், எது வேண்டுமானாலும் கட்டலாம். ஒரே நிலத்தில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் வந்து கட்டலாம் என்பதுதான் அதில் விசேஷம். தலைக்குமேல் பெயர் மிதக்கும் குட்டி மனிதர்கள் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார்கள். என்னென்னவோ பாஷையில் பேசிக்கொள்வார்கள். ஒருவன் எதற்கெடுத்தாலும் ஐந்து ஐந்தாக அடித்துக்கொண்டே போனான். தாய்லாந்து பாஷையில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர், அவன் சிரித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு, பாவம், கணக்கில் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில்தான் ரேகா வந்தாள். நான் சுவரெழுப்பி வைத்திருந்த வீட்டுக்கு, கேட்காமலே ஒரு மரக்கதவு வைத்துக் கொடுத்தாள். நன்றி சொன்னேன். என் வீடு பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். டி, ஏ என்று இரண்டே எழுத்தில் பதில் வந்தது. டா.

"மாமா, இங்க ஒருத்தங்க என்னைய டா போடுறாங்க."

மாமா மரியாதையில் கறார். பள்ளிக்கூடப் பையன் ஜெராக்ஸ் எடுக்க வந்தாலும் "வாங்க தம்பி" என்பார். உடனே எழுந்து வந்து திரையில் பெயரைப் பார்த்தார்.

"ரேகாவா? அப்ப நம்ம ஊருப் பொண்ணுதான். கனடா, சிங்கப்பூருன்னு எங்கயாச்சும் இருக்கும். அதுக்காக, பொம்பளப் புள்ளையப் போயி டா போடுறதா?"

என்னை நகரச் சொல்லிவிட்டு, எந்த ஊரும்மா நீங்க என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தார். ஒரு கேள்விக்குறி வந்தது. தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறது என்று முடிவுகட்டி, இங்கிலீஷுக்கு மாறினார். உன் பெயர் ரேகாதானே? டா. டா என்று எழுதியது நீதானே? டா. மாமாவின் காது மடல் சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் கம்ப்யூட்டரை அணைத்திருப்பார். நல்லவேளையாக அந்தப் பக்கம் என்ன புரிந்ததோ, அவளே விளக்கம் எழுதினாள். டா என்றால் எங்கள் பாஷையில் ஆமாம். ரேகா என்றால் நதி. நான் செர்பியா.

மாமா மேப்பைத் திறந்து செர்பியாவைத் தேடிக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆத்துப் பேரை வெச்சிருக்கா. நம்ம பக்கம் காவேரின்னு வெக்கிற மாதிரி" என்றார். அதோடு அவர் கோபம் போயிற்று. எனக்குத்தான் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

முதல் சிக்கல், அவளை எப்படிக் கூப்பிடுவது என்பது. என்னைவிடப் பெரியவளா சின்னவளா என்று தெரியாமல் ஒருத்தியோடு எப்படிப் பேசுவது? வயது கேட்டேன். சட்டென்று மறைந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்து, முன்பின் தெரியாதவர்கள் வயது கேட்டால் உடனே வெளியேறிவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருப்பதாக எழுதினாள். வயது தெரிந்தால்தானே அக்காவா இல்லையா என்று தெரியும் என்றேன். அக்கா என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எனக்குத் தங்கை கிடையாது, சரி, அக்கா என்றே கூப்பிடு என்று வந்தது. வயதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அவளுக்கும் என்னிடம் ஒரு சந்தேகம் இருந்தது. பார்த்தவுடன் சாப்பிட்டாச்சா என்று ஏன் கேட்கிறாய்? இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே அவள் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பாளாம். சாப்பிடாவிட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டாள். மாமாவைக் கேட்டேன். "ஒண்ணும் செய்யமாட்டோம். சும்மா கேப்போம்" என்றார். அதை அப்படியே எழுதினேன்.

நான் வீடுகளை விட்டு வயலுக்கு இறங்கியது அதன் பிறகுதான். அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். நான் பார்த்து வளர்ந்த ஊரில் வயல் இல்லாமல் எப்படி? பக்கத்தில் ஓடிய ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினேன், வரப்பு கட்டினேன், தண்ணீர் பாய்ச்சினேன். திரை பளபளவென்று மின்னியது. வயலுக்கு அடுத்தாற்போல் ஒரு பள்ளிக்கூடமும் கட்டினேன்.

மாமா கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். அதில் ஒருவருக்குப் பட்டாவில் பெயர் மாற்றம் பல மாதமாக முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நிலை என்னவென்று பார்க்கச் சனிக்கிழமை தவறாமல் மொபெட்டில் வந்துவிடுவார். நானும் மாமாவும் எங்களுக்குள் அவரைப் பட்டாக்காரர் என்போம். பிரிண்டர் ஓடுகிற நேரத்தில் அவர் என் பின்னால் வந்து நின்று வயலைப் பார்வையிடுவார்.

"வரப்பு ஒசரம் பத்தாது பாப்பா. வாய்க்காத் தலைப்புல ஒரு மடை வெச்சுக்க."

மடை வைத்தேன். நாற்றங்கால் எங்கே என்று கேட்டார். அதையும் ஒரு மூலையில் வைத்தேன், பச்சைக் கட்டிகளை நெருக்கமாக அடுக்கி. ரேகா அக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று, நாற்றங்காலுக்கு இங்கிலீஷில் என்ன என்று மாமாவைக் கேட்டேன். அவர் தேடிப் பார்த்து, நர்சரி என்றார். நர்சரி என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதித் தண்ணீருக்கு நடுவில் நட்டுவிட்டு, அம்மாவோடு வீட்டுக்குப் போனேன்.

மறு சனிக்கிழமை திறந்து பார்த்தால் வயல் காய்ந்து கிடந்தது. வாய்க்கால் தலைப்பைக் கல்லால் அடைத்திருந்தார்கள். வரப்பை நடுவில் வெட்டித் தண்ணீரை முழுவதும் வடியவிட்டிருந்தார்கள். ஆற்றோரமாக என் உயரத்தைப்போல் பல மடங்குக்கு ஒரு மதில். பள்ளிக்கூடத்தைச் சுற்றி இன்னொரு மதில். வரிசையாக விளக்குகள் வேறு. மதிலைத் தொட்டால், கட்டியவர் பெயர் ரேகா என்று காட்டியது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

பட்டாக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். "அடப்பாவமே, மடையை அடைச்சு வரப்பை வெட்டியிருக்கானுவளே! யாரு பாத்த வேல இது?"

"செர்பியாக்காரங்கண்ணே" என்றார் மாமா.

"அது எங்க, நீடாமங்கலம் பக்கமா?"

மாமா விளக்கினார். எந்த நாடாக இருந்தாலும் அடுத்தவன் வயல் தண்ணீரில் கை வைத்தது தப்பு என்பதில் பட்டாக்காரர் உறுதியாக இருந்தார். சிட்டாவுக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். தண்ணீரை அவள் வீட்டுப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார் ஒருவர். கடையே பஞ்சாயத்துக் களம் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரேகா வந்தாள். நான் எழுதுவதற்குள் அவள் எழுதிவிட்டாள். பயப்படாதே, தண்ணீரை எடுத்துவிட்டேன், எல்லாரும் பத்திரம்.

எல்லாரும் என்றால் யார்? ஏன் என் வயலைக் கெடுத்தாய்? கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன்.

வயலா? நர்சரி தண்ணீருக்குள் இருந்ததே. குழந்தைகள்?

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். குட்டிப் பிள்ளைகள் படிக்கும் நர்சரியை அவள் நினைத்திருக்கிறாள். வெள்ளத்தில் மூழ்கிப்போன பள்ளிக்கூடம் என்று நினைத்து மொத்த ஊரையும் காப்பாற்றியிருக்கிறாள். மாமா எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இணையத்தில் மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்தார். நெல் தண்ணீரில்தான் வளரும், நர்சரியில் இருப்பது நாற்று, இங்கே தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம் என்று தமிழில் அடித்து, அவள் பாஷைக்கு மாற்றி அனுப்பினார்.

அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒன்று வந்தது. மாமா அதைத் தமிழுக்கு மாற்றினார். யாரும் பேசாத ஒரு தமிழில் அது வந்து நின்றது. மாமா சத்தமாக வாசித்தார்.

"என்னை மன்னிக்கவும். கடந்த ஆண்டு நதி எங்கள் தெருவில் நடந்து வந்தது. அது வீட்டின் உள்ளே வந்தது. நான், அம்மா, சகோதரன் கூரையின் மீது அமர்ந்தோம். படகு காலையில் வந்தது. எங்கள் மக்காச்சோளம் அனைத்தும் சென்றுவிட்டது."

தண்ணீரைத் திருப்பிவிடச் சொன்னவர் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பட்டாக்காரர் மட்டும் இன்னும் கிட்டே வந்து திரையை உற்றுப் பார்த்தார். "சோளம் பூராவுமா? எந்த மாசமாம்? இன்சூரன்சு ஏதும் குடுத்தாங்களான்னு கேளுங்க தம்பி."

மாமா அதை எழுதவில்லை. அவர் பிரிண்டர் பக்கம் போன நேரத்தில் நான் என் சொந்தக் கேள்வி ஒன்றை எழுதினேன். எங்கள் தெருவில் மாடி வீடு ஒன்றே ஒன்றுதான். அங்கே ஏற விடமாட்டார்களா என்று நாங்கள் ஏங்குவோம். ராத்திரி முழுக்க மேலேயே இருந்தீர்களா, ஜாலியாக இருந்ததா என்று கேட்டேன்.

இல்லை என்று வந்தது. உடனே அவள் மறைந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வயலை நான் அப்படியே காயப்போட்டு வைத்திருந்தேன். தண்ணீர் விட்டால் அவள் நிஜமாகவே திரும்பமாட்டாளோ என்று ஒரு பயம். "பரீட்சையா இருக்கும். நீ வேணா வேற ஊர் கட்டேன்" என்றார் மாமா. எனக்கு வேறு ஊர் வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடந்து போகும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, கடையில் ஆளே இல்லாதபோது அவள் வந்தாள். வந்ததும் அவள் கேட்டது, சாப்பிட்டாச்சா?

ஆச்சு என்று எழுதினேன். நீ சாப்பிட்டாயா அக்கா என்று கேட்டேன். டா என்றாள். தொடர்ந்து, நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். பட்டாக்காரர் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு விரக்கடை போதும். விரலைப் படுக்கவைத்தால் வருகிற உயரம் என்று எழுதினேன். அவ்வளவுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இருவரும் சேர்ந்து வரப்பை அடைத்தோம். மதில்களை நான் இடித்தேன், அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடையைத் திறக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அவளுடைய குட்டி உருவம் பின்னாலேயே நகர்ந்து வரப்பின்மேல் ஏறிக்கொண்டது. இறங்கி வா, ஒன்றும் ஆகாது என்றேன். இறங்கினாள், உடனே ஏறினாள். பிறகு மறுபடி இறங்கி, வயலுக்கு நடுவில் வந்து என் பக்கத்தில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் குதித்துக் குதித்து விளையாடினோம். பலகையை எடுத்துவிட்டு, என்ன எழுதலாம் என்று கேட்டேன். உங்கள் பாஷையில் என்ன பெயரோ அதையே எழுது என்றாள். அந்த விளையாட்டில் தமிழ் எழுத்து வராது. நாத்தங்கால் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். அவள் அதை வாசிக்க முயன்று, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அடித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் வந்துகொண்டிருந்தாள். என்னோடு நாற்று நட்டாள், வரப்பு போட்டாள், வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் கட்டித் தந்தாள். ஆனால் விடைபெறும் நேரம் வந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். படி ஏறி, கூரைக்குப் போய், விளிம்பில் ஆற்றைப் பார்த்தபடி சற்று நேரம் நிற்பாள். அங்கிருந்துதான் மறைவாள். தெருவில் நின்றபடியோ வயலில் நின்றபடியோ அவள் ஒருநாளும் போனதில்லை.

ஏன் அக்கா ஒவ்வொரு தடவையும் மேலே ஏறுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். இங்கிருந்து எல்லாம் தெரிகிறது என்று எழுதினாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வயலின் அழகைப் பார்க்கத்தான் ஏறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் போனபின், கூரையிலிருந்து பார்த்தால் இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று, அம்மா வரும்வரை உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தின் நான்கு பக்கமும் புதிது புதிதாக வயல் வெட்டித் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தேன்.