அண்ணன் கையில் கொடுத்தால் வந்து சேரும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பலருக்கு அவரை மாயாபந்தர் பஸ் டிரைவராகத்தான் தெரியும். போர்ட் பிளேரில் வாங்கிய மருந்து, சோதனைக்கூடத்தின் முடிவுக் காகிதம், பிள்ளைகளின் சான்றிதழ், தைத்த ரவிக்கை என எதைக் கொடுத்தாலும் தன் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்து, உரியவர் கையில் சேர்த்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவார். அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல உங்கள் எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். நான் எழுதப்போவது அதற்கு முந்தைய அண்ணனைப் பற்றியும்.

"நினைவு மலரில் இதெல்லாம் வேணுமாம்மா?" என்று பெரியப்பா தயங்கினார். அண்ணியிடம் கேட்டேன். "எழுதுங்க. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அவங்க என்கிட்ட மொதல்ல சொன்னது அதைத்தான். மறைச்சா அவங்களுக்குப் பிடிக்காது" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலையில் சேர்ந்தவர். அங்கே குவார்ட்டர்ஸில் அண்ணன் பிறந்தார். நான்கு வருடம் கழித்து நான். அண்ணனுக்குப் பதினைந்து வயதாகும்போது அப்பா காய்ச்சலில் படுத்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்கு வந்தோம். அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்தார். அண்ணன் பள்ளியை விட்டு மாயாபந்தர் போகும் தனியார் பஸ் ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார்.

அதன்பிறகு அவர் யாருக்கும் அடங்கவில்லை. சேர்க்கை சரியில்லை. பயணிகள் மறந்து வைத்துவிட்டுப் போன குடை வீட்டுக்கு வரும்; மறுநாள் அதுவும் இருக்காது. என்னுடைய கொலுசு காணாமல் போனது. அம்மா எதையும் கேட்கவில்லை. பொருள்களை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பதினேழு வயதில் அது நடந்தது. மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில் கருவாடு விற்பவர் பிலோமினா அக்கா. தூத்துக்குடி கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மகளுக்கு மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தன் தாலிச் செயினை அழித்து மகளுக்குப் புதுச் செயின் செய்ய போர்ட் பிளேர் ஆசாரியிடம் கொடுத்திருந்தார். செய்து முடித்த செயினை ஆசாரி எங்கள் அண்ணன் வேலை பார்த்த பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். டிரைவர் பொட்டலத்தை அண்ணனிடம் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பாராடாங் போக, வண்டியைப் படகில் ஏற்றும் இடத்தில் பஸ் காத்து நிற்குமே, அங்கே அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார். கூட வந்த சிநேகிதனிடம் செயினைக் கொடுத்துவிட்டார். மாயாபந்தரில் பிலோமினா அக்கா கை நீட்டியபோது, "எந்தப் பொட்டலம்? எனக்குத் தெரியாது" என்றார். மூன்றாம் நாள் போலீஸ் அவரைப் பிடித்தது. சிநேகிதன் அதற்குள் செயினோடு மெயின்லேண்ட் கப்பலில் ஏறிவிட்டான். அந்தச் செயின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கல்யாணம் தள்ளிப்போனது.

அம்மாவும் நானும் மாயாபந்தருக்குப் போனோம். ஸ்டேஷனில் அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். நாங்கள் போய்ச் சற்று நேரத்தில் பிலோமினா அக்கா வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எதுக்குலே எடுத்த?"

அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்கேம்லா. பசியா? வீட்ல யாருக்கும் சீக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"எடுக்கணும்னு தோணுச்சு. எடுத்தேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிலோமினா அக்கா மட்டும் அண்ணனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு நாளா நீ சொன்னதுல இது ஒண்ணுதாம்ல நெசம்" என்று எழுந்து போனார்.

வயதைக் கருதி அண்ணனைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரும் வேலை கொடுக்கவில்லை. நான்கு மாதம் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். இந்தியில் 'திருடனின் தங்கை' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்ணன் இல்லாமலே போயிருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் அப்போது அந்த அறையிலேயேதான் இருந்தார்.

அந்த நான்காம் மாதம் பிலோமினா அக்கா பஸ் முதலாளியிடம் போய், அண்ணனைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். முதலாளி வங்காளி. "ஏ தோ சோர் ஹை, தீதி" என்று மறுத்திருக்கிறார்.

"திருடன்தான். என் சாமானத்தத்தான எடுத்தான்? அப்ப நாந்தான சொல்லணும்?"

"ஃபிர் சோரி கரேகா தோ?"

"மறுபடி எடுத்தாம்னா எங்கிட்ட வாங்க."

அண்ணன் வேலைக்குப் போனார். முதல் வாரமே, மாயாபந்தரில் பயணிகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, பிலோமினா அக்கா பஸ்ஸுக்கு வந்து அண்ணன் கையில் ஒரு துணி முடிச்சை வைத்தார்.

"இது என் தோடுலே. வீட்ல மிஞ்சுனது இதான். அதே ஆசாரிட்ட குடு. உருக்கி மவளுக்குச் செயினு பண்ணச் சொல்லு. சீட்டு வாங்கிட்டு வந்துரு."

"டிரைவர்கிட்ட குடுங்கக்கா" என்று அண்ணன் பின்வாங்கினாராம்.

"நா ஒன்கிட்டதாம்ல குடுக்கேன்."

அன்று வழி முழுவதும் அவர் அந்த முடிச்சை இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒற்றைக் கையாலேயே கதவைத் திறந்தார், மூட்டை ஏற்றினார். பாராடாங்கில் எல்லோரும் டீ குடிக்க இறங்கியபோது அவர் இறங்கவில்லை. போர்ட் பிளேரில் பஸ் நின்றதும் ஆசாரி கடைக்கு ஓடினார். சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினார். உள்ளங்கையில் நகம் பதிந்து தோல் கிழிந்திருந்தது. "அவங்க எங்கிட்ட குடுத்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார். அப்பா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் அம்மாவிடம், "நடிக்குதும்மா. இன்னும் ஒரு மாசம் பாரு" என்றேன்.

ஒரு மாதம் ஆனது. செயினைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் கல்யாணத்தில் அவரைப் பந்தி பரிமாற வைத்தார் பிலோமினா அக்கா. பிறகு மெல்ல மெல்ல மற்றவர்களும் பொருள் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். லைசென்ஸ் எடுத்து அதே பஸ்ஸுக்கு டிரைவர் ஆனார். அண்ணியைக் கைப்பிடித்து மாயாபந்தரிலேயே குடியேறினார். மகள் பிறந்தாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதானதும் அவளையும் உட்கார வைத்து, செயினைத் திருடிய கதையைத் தானே சொன்னார். வெளியார் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றார்.

ஊரே நம்பிய பிறகும் நான் நம்பவில்லை. என் கல்யாணத்தன்று காலை நகைப் பையை வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "அண்ணன்கிட்ட குடு" என்றார் அம்மா. அண்ணன் கையை நீட்டினார். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நான் சொன்னேன்: "வேண்டாம்மா. பெரியப்பா எடுத்துட்டு வரட்டும்."

நீட்டிய கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அதுவும் சரிதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய், வரும் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தும் வேலையைப் பார்த்தார். தாலி கட்டும்போது எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் திருந்தி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. அதன்பின் இருபது வருடம் என் வீட்டுக்கு வந்தவர், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன் எனக்குப் போன் செய்தார். "பாப்பா, வயித்துல வலி தாங்கல. கொஞ்சம் வர்றியா?" ஓடினேன். வேர்த்துப்போய் சீட்டில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், முதலில் மூன்று பொட்டலங்களை என் கையில் வைத்தார்.

"இது காலேஜ்ல படிக்கிற பொண்ணோட கண்ணாடி. இது ஹேடோவுல ஒரு பாட்டிக்குக் காது மிஷின். இது ஒரு வளையல், நகைக்கடைக்குப் போகணும். அட்ரஸ் எழுதியிருக்கு. நீ குடுத்துடுவல்ல?"

"முதல்ல டாக்டர்கிட்ட போவோம்ணா."

"நீ குடுத்துடுவே. எனக்குத் தெரியும்" என்றார்.

அவரை வார்டில் சேர்த்துவிட்டு, அன்றே மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னிடம் வளையலைத் தர அவருக்கு ஒரு நொடிகூட யோசனை வரவில்லை. நகைக்கடைப் படியில் நின்று அழுததை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கணையத்தில் கட்டி என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோனோம். முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். "நம்ம தீவுக்கே போயிடலாம்" என்று அவரும் சொன்னார். மாயாபந்தர் வீட்டில் நான்கு மாதம் படுத்திருந்தார். வலி மிகும்போதும் அண்ணியிடம் முகம் சுளித்ததில்லை. நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவேன். கஞ்சி ஊட்டுவேன், கால் பிடித்துவிடுவேன். கல்யாணத்தன்று காலை நடந்ததைப் பற்றிப் பேச வாயெடுப்பேன், வராது. கடைசியாக ஒரு சனிக்கிழமை, இன்று எப்படியும் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன். பாராடாங் படகுக்காக வண்டி காத்து நின்றபோது அண்ணி போன் செய்தார். "உங்க அண்ணன் போயிட்டாங்க" என்றார்.

அந்த பஸ்ஸின் டிரைவர் அண்ணனிடம் கிளீனராக இருந்தவர். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மீதி வழி முழுவதும் நான் கேட்க நினைத்த மன்னிப்பு என்னிடமே இருந்தது. இன்றும் இருக்கிறது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பிலோமினா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், கண் மங்கிவிட்டது. அவரிடம் கேட்டேன்: "அக்கா, அன்னைக்கு எதை வச்சு அண்ணனை நம்புனீங்க? கூடப் பிறந்த எனக்கே நம்பிக்கை வரலையே."

"நம்புனேம்னு யாரு சொன்னா?" என்றார். "தோட்டக் குடுத்து அனுப்பிட்டு, ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எடுத்துட்டுப் போயிருவாம்னுதான் இருந்துச்சு. மவ என்னோட பேசக்கூட இல்ல."

"அப்புறம் ஏன்க்கா குடுத்தீங்க?"

"யாராவது மொதல்ல குடுக்கணும்லா தாயி. அவன் எங்கிட்டதான எடுத்தான். நா குடுக்கலேன்னா வேற யாரு குடுப்பா?"

உறுதியான பிறகு நம்பலாம் என்று நான் இருபத்தெட்டு வருடம் காத்திருந்தேன். அவரோ பயந்துகொண்டே கொடுத்திருக்கிறார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சென்னையில் எங்களைத் தங்கவைத்துச் சோறு போட்ட பெரியம்மா வீட்டாருக்கும், அவர் படுத்திருந்த நாளெல்லாம் வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போன டிரைவர், கிளீனர் தம்பிகளுக்கும், தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்ற வேற்றுமை இல்லாமல் தோள் கொடுத்துச் சுமந்த மாயாபந்தர் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. ஒருநாளும் மனம் கோணாமல் அவரைக் காத்த அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிலோமினா அக்காவுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கூடவே இருந்த அண்ணனை நாங்கள் தொலைத்திருந்தோம். அவர்தான் எங்களுக்குத் திருப்பித் தந்தார்.

அண்ணா, நேரில் சொல்ல எனக்கு இருபது வருடம் இருந்தது. சொல்லவில்லை. அன்று கூடத்தில் எத்தனை பேர் கேட்கச் சொன்னேனோ, அதைவிட அதிகமான பேர் இன்று இதைப் படிக்கிறார்கள். அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பாப்பா