மூன்று அறுப்பு

காத்திருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அலுத்துப்போன வேலை. அப்பா ரிக் வண்டியில் இருந்தார். திருச்செங்கோட்டில் ஏறினால் வடக்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்புவார். ஒருமுறை வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கொத்து வெங்காயம் கொண்டுவந்தார். அது கிழங்கு வைக்காதாம், தாள் மட்டும்தானாம்; மழையோ வெயிலோ, வருசக்கணக்கில் சாகாதாம். குழாயடியில் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் அதை நட்டார்.

“அடியில ரெண்டு விரக்கட உட்டு அறுக்கோணும் சாமி, அப்பத்தான் திரும்பத் துளுக்கும். மூணு அறுப்பு முடியறதுக்குள்ள அப்பா வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஏழு வயது. புத்திசாலி என்று வேறு பெயர். மூன்று அறுப்பும் தானாக முடியும்வரைக்கும் சும்மா இருக்க நான் என்ன மடச்சியா? முதல் அறுப்பை நான்காம் நாளே முடித்தேன். துளிர் எட்டிப் பார்த்ததும் இரண்டாவது. மூன்றாவதற்கு வெட்ட ஒன்றுமில்லை. குருத்தோடு ஒட்டக் கத்தரித்துவிட்டு, நல்ல கவுன் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். அப்பா வரவில்லை. சாகாத வெங்காயம்தான் ஒரே வாரத்தில் அழுகிப்போனது.

நூல் மில்லில் ஷிப்டு முடித்து, தலையெல்லாம் பஞ்சோடு வரும் அம்மாவுக்கு என்னை அடிக்கக்கூடத் தெம்பில்லை. “ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன?” என்று கேட்டாள். சொன்னேன். டிரம்மில் அழுகிக் கிடந்ததை அள்ளிக் கொட்டினாள். பிறகு உலை வைக்கப் போனாள்.

ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். மாற்று ஆள் கிடைக்கவில்லையாம், இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். “மூணு அறுப்புக்குள்ள வாரேன்னு புள்ளகிட்டச் சொல்லிப்போட்டு வந்தேன். அது எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும். எத்தன ஆச்சு?”

அம்மா காலி டிரம்மைப் பார்த்தாள். “இன்னும் ஒண்ணுகூட அறுக்கலீங்க. இந்த வெயிலுக்கு மெதுவாத்தான் வருது. நீங்க ஒடம்பப் பாத்துக்கிட்டு நிதானமா வாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பொய்யி! மூணும் ஆச்சுப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அடிப்பாவி என்று மனதுக்குள் திட்டினேன். அப்பா வருவதில் இவளுக்கு இஷ்டமில்லை, வேறென்ன? இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. அன்று போனை வைத்த கையோடு அம்மா குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். வரவேண்டிய மனுசரை வரவிடாமல் செய்துவிட்டு இவளுக்கு முகம் கழுவுவது ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.